செசீலியின் பெட்டியைச் சீவினார்கள்

அந்தக் கண்காட்சி மண்டபத்தில் நான் இரவல் கொடுத்த பாட்டுப்பெட்டியைத் தேடி ஒரு முழுச் சுற்று வந்தேன். காணவில்லை.

முத்துச் சலிக்கிற பித்தளைச் சல்லடைகள் இருந்தன. சுழியோடிகள் காலில் கட்டுகிற கல் இருந்தது. நடுவில் சிவப்புத் துணி விரித்த மேடையில், மேலேயிருந்து வெளிச்சம் விழ, கண்ணாடிக் கூட்டுக்குள் ஒரு கிராமபோன் இருந்தது. பூப்போல விரிந்த பித்தளைக் குழல். தேன் பூசியதுபோல மினுங்கும் மரப்பெட்டி. கல்யாண மண்டப வாசலில் பன்னீர்ச் செம்புக்குப் பக்கத்தில் வைப்பார்களே, அந்த மாதிரிச் சாமான். கொழும்பில் யாரோ இரவல் கொடுத்திருக்கிறார்கள் என்று நினைத்துக் கடந்து போனேன். கூட்டைத் தாண்டியும் புது வார்னிஷ் மணம் மூக்கில் ஏறியது.

என் கணவர் சவிரிமுத்துதான் கையைப் பிடித்து நிறுத்தினார்.

“இஞ்சேரும், அந்தத் தகட்டில இருக்கிற இலக்கத்தைப் பாரும்.”

பார்த்தேன். ஆஸ்பத்திரியில் பிள்ளைகள் மாறிப்போகக் கூடாதென்று காலில் இலக்கம் கட்டிவிடுவோம். அரை ஆயுள் மருத்துவிச்சியாக வேலை செய்த நான், என்னுடைய சொந்தச் சாமானை இலக்கம் பார்த்துத்தான் அறிந்துகொண்டேன்.

பக்கத்தில் ஒரு பலகை. வெள்ளைக்கார முத்துக்குளிப்பு அதிகாரி ஒருவர் பாவித்த கிராமபோன் என்றும், நாடு திரும்பும்போது தம்முடைய விசுவாசமான வேலைக்காரக் குடும்பத்துக்கு அதை அன்பளிப்புச் செய்தார் என்றும் மூன்று மொழியில் எழுதியிருந்தார்கள்.

அது கிராமபோன் இல்லை. வெள்ளைக்காரன் பாவித்ததும் இல்லை. அன்பளிப்பும் இல்லை. எங்கள் குடும்பத்தில் ஒருவரும் எவனுக்கும் விசுவாசமாக இருந்ததும் இல்லை.

இந்தத் தொடரில் இதுவரை பிரசவ அறைகளைப் பற்றித்தான் அதிகம் எழுதி வந்தேன். “மிஸி எவ்வளவு பொறுமையாக எழுதுகிறா” என்று சில வாசகர்கள், ஆஸ்பத்திரியில் தாதிமாரைக் கூப்பிடுகிற மாதிரியே என்னை மிஸி என்று சொல்லி, கடிதம் போட்டிருந்தார்கள். அவர்கள் இந்த வாரம் இந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போகலாம்.

ஆட்டுக்கொட்டிலில்

சண்டை நாட்களில் அப்பா ஓலைத்தொடுவாயில் இருந்து இராமேஸ்வரத்துக்கு வள்ளம் ஏறினார். நான் முருங்கன் ஆஸ்பத்திரியில் வேலையில் இருந்தபடியால் போகவில்லை. அவர் கொண்டுபோன பையில் ஞானஸ்நானத் துண்டுகளும் உடுத்த ஒரு சாரமும் இருந்தனவாம். பாட்டுப்பெட்டியை வீட்டோடு விட்டுவிட்டுத்தான் போனார். திரும்பி வரவில்லை. மண்டபம் அகதி முகாமிலேயே கண்ணை மூடினார்.

எல்லாம் ஓய்ந்த பிறகு நாங்கள் அப்பாவின் வீட்டு வளவைத் துப்புரவாக்கப் போனோம். வீட்டுக்குக் கூரை இல்லை. பக்கத்து வளவு ஆட்டுக்கொட்டிலில், தண்ணீர்ச் சட்டிக்கு அண்டை கொடுத்து ஒரு மரப்பெட்டி இருந்தது. இரும்புப் பாகங்களில் ஆட்டுப் புழுக்கையும் உப்புத் துருவும். குழல் இல்லை. மூடி இல்லை. முறுக்குகிற கைபிடி இல்லை.

அந்த வளவுக்காரர் நல்ல மனிதர். “உங்கட கொப்பாவின்ரை எண்டு தெரியும், மிஸி. எறிய மனம் வரேல்லை. அதுதான் ஏதோ ஒரு உபயோகத்தில வச்சிருந்தனான்” என்றார். நான் அவரிடம் ஒரு சொல்லும் கோபமாகச் சொல்லவில்லை. ஆடுகள் அந்தப் பெட்டிக்குச் செய்ததைவிடப் படித்தவர்கள் செய்தது அதிகம் என்று எனக்கு அப்போது தெரியாது.

தட்டு எங்கே?

வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் அதைக் கிராமபோன் என்றார்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் கிராமபோன் என்றால் இசைத்தட்டு சுழல ஒரு வட்டம் இருக்கவேண்டும். இதில் அது இருந்த அடையாளமே இல்லை. அதற்குப் பதிலாகப் படுத்த வாக்கில் ஒரு உலோக உருளை. அதன் பின்னால் மிக நுண்மையான புரி வெட்டிய ஒரு கம்பி.

வெளிநாட்டில் இருக்கும் மகள் டிலானிக்குப் படம் எடுத்து அனுப்பினேன். அவள் இணையத்தில் தேடி, பழைய ஒலிக்கருவி சேர்க்கும் ஒரு வயோதிபரைப் பிடித்தாள். அவர் விளக்கியதை அவள் எனக்குத் தொலைபேசியில் தமிழாக்கினாள்.

“அம்மா, இது போனோகிராப். இசைத்தட்டுக்கு முந்தின சாமான். மெழுகால செய்த குழாயை அந்த உருளையில கொழுவோணுமாம். தட்டைக் காணேல்லை எண்டு தேடாதேங்கோவாம். அதுக்குத் தட்டே இல்லையாம்.”

பிறகு அவர் பெட்டியில் இருந்த தகட்டைத் துடைத்து இலக்கத்தை வாசிக்கச் சொன்னார். அடிப்பக்கப் படம் கேட்டார். புரிக்கம்பிக்கு மேலே ஒரு சின்ன வட்டச் சாமான் இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது. பத்துச் சத நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிது, உள்ளே மெல்லிய தகடு, அதற்குக் கீழே கண்ணுக்குத் தெரியாத ஊசி. மெழுகில் ஓடிக் குரலை எடுப்பது அதுதானாம். “குழல் போனால் போகட்டும், மூடி போனால் போகட்டும், இது போனால் மிச்சம் வெறும் பெட்டி” என்று சொல்லியனுப்பினார்.

இதற்கிடையில் முருங்கனில் இருந்து பழைய இரும்பு வாங்கும் ஒருவர் வந்து, பித்தளையை மட்டும் நிறுத்துக் காசு தருவதாகச் சொன்னார். “மரத்தை நீங்களே அடுப்புக்கு வச்சுக்கொள்ளுங்கோ.” மதிப்பீடு என்பது இப்படித்தான். அவரவருக்குத் தெரிந்த பாகத்துக்கு மட்டும்தான் பெறுமதி.

வெளிநாட்டுக்காரர் கேட்ட கேள்வி வேறு. மரத்தில் யாராவது கை வைத்தார்களா? தேய்த்தார்களா, பொலிஷ் போட்டார்களா? இல்லை என்றதும் அவர் ஒரு தொகை சொன்னார். மகள் மூச்சை இழுத்தது எனக்குக் கேட்டது. அந்தத் தொகையை இங்கே எழுதமாட்டேன், எனக்கு உறவினர்கள் இருக்கிறார்கள்.

கடைசியில் அவர் இன்னொன்றும் கேட்டார். பெட்டியின் கீழ் விளிம்பில், இரண்டு பக்கமும் ஒரே இடத்தில், விரல் பதிகிற அளவுக்கு ஒரு பள்ளம் தெரிகிறதே, அது என்ன? இந்த வகைப் பெட்டியில் அப்படி ஒன்றை அவர் பார்த்ததில்லையாம்.

நான் உடனே சொன்னேன். அது செசீலியின் கயிறு.

செசீலி

செசீலி அப்பாவின் அத்தை. அரிப்பு என்ற கரையோர ஊரில் கட்டிக்கொடுத்தார்கள். கல்யாணமாகிக் கொஞ்ச நாளில் புருஷன் கடலோடு போய்விட்டான். அந்தக் காலத்தில் முத்துக்குளிப்பு நடக்கும் மாதங்களில் அரிப்புக் கரையில் ஓலைக் கொட்டில்களால் ஒரு பட்டணமே எழும்புமாம். சிப்பி அழுகுகிற நாற்றம் முருங்கன் வரைக்கும் போகுமாம். அங்கே யாரோ ஒரு வியாபாரியிடம் தன் தாலிக்கொடியைக் கொடுத்து செசீலி இந்தப் பேசும் பெட்டியை வாங்கினா.

விதவைப் பெண் தாலிக்கொடியை விற்று பாட்டுப்பெட்டி வாங்கியதை எங்கள் ஆட்கள் எப்படி எடுத்திருப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை. அண்ணன்மார் வாசற்படி ஏறவேண்டாம் என்றார்கள். அவ ஏறவும் இல்லை. பெட்டியைத் தும்புக் கயிற்றால் கட்டித் தோளில் கொழுவிக்கொண்டு, அரிப்பு, சிலாவத்துறை, பேசாலை, தலைமன்னார் என்று சனம் கூடுகிற இடமெல்லாம் நடந்தா. ஒரு பாட்டுக் கேட்க இவ்வளவு என்று வாங்கி, சாகும் வரை தன் சோற்றைத் தானே உழைத்துச் சாப்பிட்டா. மருமகன் என்று அப்பா ஒருவர்தான் போய்ப் பார்ப்பார். அதனால் பெட்டி அப்பாவுக்கு வந்தது.

செசீலிக்கு ஒரு புகைப்படம் இல்லை. குடும்பத்தில் யாரும் பிள்ளைக்கு அவவின் பெயர் வைக்கவில்லை. அவவைப் புதைத்த இடத்தில் இப்போது சிலுவையும் இல்லை, வெறும் மணல். அப்படி ஒருத்தி இருந்தா, நடந்தா, பாரம் சுமந்தா என்பதற்கு இந்த உலகத்தில் மிச்சமாக இருந்தவை அந்த இரண்டு பள்ளங்கள். பங்களாவில் மேசைமேல் இருந்த பெட்டிக்குக் கயிற்றுத் தழும்பு வராது.

தகரக் குழல்

நாங்கள் மெதுவாகத்தான் திருத்தினோம். சவிரி மண்ணெண்ணெயில் ஊறவைத்து, கட்டிபட்டுப்போன பழைய கிரீசை ஈர்க்கில் குச்சியால் சுரண்டி எடுத்தார். வில்லுச்சுருள் உடையாமல் இருந்தது. கைபிடியை மன்னாரில் ஒரு கடைசல் கடையில் செய்வித்தோம். வார் அறுந்திருந்தது. என்னுடைய பழைய தோல் கைப்பையின் பட்டியை வெட்டி வார் போட்டேன். மரத்தை மட்டும் ஈரம் பிழிந்த துணியால் துடைத்தோம், வேறு எதுவும் செய்யவில்லை.

குழலைத் தகரவேலை செய்யும் ஒருவர் புதுத் தகரத்தில் கூம்பாகச் சுருட்டி ஒட்டித் தந்தார். வர்ணம் அடிக்கவா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். புதியது புதியதாகவே தெரியட்டும், பழையதென்று யாரும் ஏமாறக்கூடாது.

டிலானி விடுமுறைக்கு வந்தபோது ஒரு மெழுகுக் குழாயைப் பஞ்சில் பொதிந்து கொண்டுவந்தாள். மேசையில் வைத்து முறுக்கி, ஊசியை இறக்கினோம். முதலில் மீன் பொரிக்கிற சத்தம். பிறகு அதற்குள் இருந்து ஏதோ வெள்ளைக்காரப் பட்டாளத்து பாண்ட். நல்ல பாட்டென்று சொல்லமாட்டேன். சவிரி கதிரையில் இருந்து எழும்பி நின்றுவிட்டார். ஏன் எழும்பினீர்கள் என்று கேட்டால் இன்றைக்கும் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை.

இரவல்

அந்தச் செய்தி பரவித்தான் நிர்மலன் வந்தார். கரையோரத்து மரபுச் சின்னங்களைக் காட்சிக்கு வைக்கும் ஒரு நிறுவனத்தின் பொறுப்பாளர். நிறுவனத்தின் பெயர் இங்கே தேவையில்லை. நன்றாகக் கதைப்பார். செசீலியின் கதையை முழுக்கக் கேட்டார், பள்ளத்தில் விரலையும் வைத்துப் பார்த்தார். அந்த விரலை நான் மறக்கவில்லை.

“இதைத்தான் மிஸி நாங்கள் தேடுறது. சனங்கள் பாக்கோணும்.”

“எப்பிடி இருக்கோ அப்பிடியே வையுங்கோ, தம்பி. மரத்தைத் தொடக்கூடாது.”

“ஓம் மிஸி. என்ன கதை இது. நாங்கள் பாதுகாக்கிற ஆக்கள்.”

அந்தச் சொல்லை நம்பிப் பெட்டியை இரவலாகக் கொடுத்தேன். பல மாதங்கள் கழித்துத்தான் திறப்பு விழா அழைப்பு வந்தது. அப்படித்தான் அன்றைக்கு அந்த மண்டபத்தில் வந்து நின்றேன்.

யோகட் கப்

நான் மேடையில் ஏறிக் கண்ணாடிக் கூட்டைத் தூக்கினேன். காவலாளி ஓடிவந்தான். சவிரி அவனிடம், “தம்பி, அது அவவின்ர சாமான். கொஞ்சம் தள்ளி நில்லும்” என்றார்.

கீழ் விளிம்பைத் தடவினேன். வழுவழுவென்று இருந்தது. மற்றப் பக்கத்தையும் தடவினேன். ஆட்டுக்கொட்டிலில் அத்தனை வருடம் கிடந்தும் அழியாத பள்ளத்தை, கொழும்பில் யாரோ ஒருவர் சீவுளி போட்டு அரைத்து வார்னிஷ் அடித்துவிட்டார். பித்தளைக் குழலை நிறுத்த பெட்டியின் முதுகில் துளை போட்டு ஆணி முடுக்கியிருந்தார்கள். அந்தக் குழல் தட்டுப் போடுகிற கிராமபோனுக்கானது. இதற்குப் பொருந்தாது. பொருந்தாததால், குரலை எடுக்கும் அந்தச் சின்ன வட்டச் சாமானைக் கழற்றிவிட்டார்கள். அந்த இடத்தில் ஒரு வளைந்த குழாய் எதிலும் தொடாமல் சும்மா நின்றது.

நிர்மலன் சிரித்துக்கொண்டு வந்தார்.

“என்ன மிஸி, வடிவா வந்திருக்கோ? நல்லாச் செலவழிச்சுத் திருத்தினனாங்கள். குறைச் சாமானா இருந்தது. இப்ப முழுசா இருக்குது.”

“இதில இருந்த ஊசிச் சாமான் எங்கை?”

“எது?”

“பாட்டு எடுக்கிறது. வட்டமா இருந்தது.”

அவருக்குத் தெரியவில்லை. உள்ளே ஒரு பெண்பிள்ளையை அனுப்பினார். அவள் ஒரு யோகட் கப்பைக் கொண்டுவந்தாள். ஆணிகளுக்கும் வளைந்த கம்பிகளுக்கும் நடுவில் அது கிடந்தது. கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். உள்ளே இருந்த தகடு வெடிக்கவில்லை. என் கைக்குட்டையில் முடிந்து சட்டைக்குள் வைத்தேன்.

“எங்கட தகரக் குழல்?”

“அதை எறிஞ்சிருப்பினம் மிஸி. தகரம்தானே.”

“செசீலியைப் பற்றி நான் சொன்னது எல்லாம் எங்கை?”

அப்போதுதான் அவர் குரலைத் தாழ்த்தினார். சுற்றிலும் விருந்தாளிகள் நின்றார்கள்.

“அதுக்கு ஆதாரம் இல்லையே மிஸி. ஒரு படமோ கடதாசியோ வேணும். வெள்ளைக்காரன் கொண்டுவந்த சாமான் எண்டா ஆரும் நம்புவினம். ஒரு ஏழைப் பொம்பிளை வாங்கினது எண்டா சனம் கேள்வி கேக்கும்.”

“ஆதாரத்தை நீங்கள்தானே சீவி எறிஞ்சனீங்கள்.”

நான் கைக்குட்டை முடிச்சைத் தடவிப் பார்த்துக்கொண்டு, சவிரியிடம் திருப்புளி கேட்டேன். அவர் எப்போதும் சாவிக்கொத்தில் ஒன்று வைத்திருப்பார். விழா நடக்க நடக்க, பிரதம விருந்தினர் பேசப் பேச, நான் அந்தப் பித்தளைக் குழலைக் கழற்றி மேடையில் வைத்துவிட்டு, பெட்டியை இடுப்பில் தூக்கிக்கொண்டு நடு வழியால் நடந்தேன். ஒருவரும் தடுக்கவில்லை. சிலர் வழிவிட்டார்கள். ஒரு பெண் கைதட்டினாள், நிகழ்ச்சியில் இதுவும் ஒன்று என்று நினைத்திருப்பாள்.

ஓட்டோவில் சவிரி தன் கைக்குட்டையை நீட்டினார். நான் அழுவேன் என்று பார்த்திருப்பார். எனக்கு அழுகை வரவில்லை. பல்லைக் கடித்துக் கடித்து அன்றிரவு தாடை வீங்கியதுதான் மிச்சம்.

வீட்டுக்கு வந்தார்

சில வாரம் கழித்து நிர்மலன் வீட்டுக்கு வந்தார். கையில் வாழைப்பழச் சீப்பும் பிஸ்கட்டும். கதிரையில் விளிம்பில் இருந்தார். மன்னிப்புக் கேட்கத்தான் வந்தார் என்று நினைத்தேன். பாதி மன்னிப்பு என்று சொல்லலாம்.

“மிஸி, நான் திருத்தின ஆளோட கதைச்சனான். அவர் நல்ல வேலைகாரன். அந்தக் கயித்துத் தழும்பைத் திரும்பச் செய்து தரலாமாம். கயிறு போட்டு இழுத்து, கொஞ்சம் மை பூசி. ஒரு நாள் வேலை. பாத்தா வித்தியாசமே தெரியாதாம். உங்கட கொப்பாவின்ரை அத்தையைப் பற்றிப் பலகையும் எழுதுவம். பெட்டியைத் திரும்பத் தந்தீங்கள் எண்டா.”

அவர் நையாண்டி செய்யவில்லை. உண்மையாகவே ஒரு வழி கண்டுபிடித்துவிட்டதாக நினைத்து வந்திருந்தார். அதுதான் என்னை எரித்தது.

“தம்பி, பிள்ளை பெற்ற வயித்தில கோடு இருக்கும். நான் எத்தினையோ ஆயிரம் வயித்தில கண்டிருக்கிறன். அதை உங்கட ஆள் மையால கீறித் தருவாரோ?”

“இல்லை மிஸி, நான் சொல்ல வந்தது...”

“பொய்யான பலகையை உண்மையான பெட்டிக்கு வச்சனீங்கள். இப்ப உண்மையான பலகையைப் பொய்யான தழும்புக்கு வைக்கப் போறீங்கள்.”

அவர் எழும்பினார். அவர் அப்படியே போயிருந்தால் நானும் அதோடு விட்டிருப்பேன். ஆனால் வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே, “மிஸி, ஒரு மரப்பெட்டிக்காக இவ்வளவு கோவம் கூடாது. வயசுபோன நேரம்” என்றார்.

அப்போது சொன்னேன். குரலை உயர்த்தவில்லை. சவிரி பக்கத்தில் நின்று கேட்டார்.

“உங்கட பேரும் இப்பிடித்தான் சீவுப்பட்டுப் போகோணும், தம்பி. பிறகொரு காலத்தில உங்கட சந்ததி உங்களைத் தேடி வரோணும். வந்து பாக்கேக்கை உங்கட இடத்தில வேறை ஆரின்ரையோ பேர் இருக்கோணும்.”

அவர் முகம் வெளுத்தது. எங்கள் பக்கத்தில் இது சின்னச் சொல் இல்லை. வாழைப்பழத்தையும் பிஸ்கட்டையும் சவிரி தெருவரை கொண்டுபோய் அவர் கையில் திருப்பிக் கொடுத்தார்.

தொட்டியில்

பெட்டி இப்போது எங்கள் முன் அறை மேசையில் இருக்கிறது. புதுக் குழல் செய்தாயிற்று. ஊசிச் சாமான் பழைய இடத்தில் பூட்டியாயிற்று. அந்தப் பட்டாள பாண்ட் இப்போதும் பாடும். வெளிநாட்டுக்காரருக்குப் புதுப் படம் அனுப்பினோம். அவர் இந்த முறை தொகை எதுவும் சொல்லவில்லை. மிகவும் வருந்துகிறேன் என்று மட்டும் எழுதினார். அவர் ஒருவர்தான் அப்படி எழுதியவர்.

பாஸ்குத் திருநாளுக்கு முன், சுவாமியிடம் பாவங்களைச் சொல்லப் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழங்காலிட்டேன். மற்றவற்றைச் சொல்லி முடித்துவிட்டு, “ஒரு ஆளுக்குச் சாபம் போட்டனான், சுவாமி” என்றேன். என்ன சாபம் என்று கேட்டார். சொன்னேன்.

“அதுக்காக மனஸ்தாபப்படுறீங்களோ, மனம் வருந்துறீங்களோ, அம்மா?”

“இல்லை, சுவாமி.”

“கொஞ்சமாவது?”

யோசித்துப் பார்த்தேன். பொய் சொல்லிவிட்டு எழும்பிப் போயிருக்கலாம். முழங்கால் நொந்தது, பின்னால் ஆட்கள் வரிசையில் நின்றார்கள்.

“கொஞ்சமும் இல்லை, சுவாமி.”

“மனஸ்தாபம் இல்லாமல் நான் பாவமன்னிப்புத் தர ஏலாது. உங்களுக்கே தெரியும்.”

“தெரியும், சுவாமி.”

“அப்ப மனம் வரேக்கை வாங்கோ.”

எழும்பி வந்துவிட்டேன். ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறேன். அதே வாங்கில்தான் இருக்கிறேன். எல்லோரும் நற்கருணை வாங்க எழும்பி வரிசையில் போகும்போது, பாவமன்னிப்பு இல்லாத நான் கால்களை ஒதுக்கி வழிவிடுகிறேன். பக்கத்தில் இருக்கும் மரியம்மா போன கிழமை குனிந்து, “ஏன் மிஸி, சுகமில்லையோ? நன்மை வாங்கப் போகேல்லையோ?” என்று மெதுவாகக் கேட்டா.

“சுகம்தான். நீங்கள் போட்டு வாங்கோ” என்றேன்.